ஒட்டுப்பால் கட்டிய மணி

கதீஜாவிடம் கொடுத்த சாமானும் திரும்பி வரும், கொடுத்த சொல்லும் திரும்பி வரும் என்று கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. சாமான் சீக்கிரம் வந்துவிடும். சொல் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் வந்தே தீரும். ரப்பர் தோட்டத்து நல்லசாமி கிராணிக்கு அது போய்ச் சேர நான்கு வருடம் பிடித்தது.

அவளை நேரில் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். ஆற்றோரச் சாலையில், கருவாடு காயப்போடும் களத்துக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. முன்பக்கம் அவள் தம்பி அப்துல் மஜீது உட்கார்ந்திருப்பான். மூக்குக் கண்ணாடி, காதில் பென்சில், முகத்தில் பெரிய மெக்கானிக் களை. ரேடியோ, கடிகாரம், தையல் மெஷின் என்று எது வந்தாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்… கோளாறு உள்ளுக்குள்ள இருக்கு" என்பான். பின்னே வெளியிலா இருக்கும்? அப்புறம் அதை முதுகுக்குப் பின்னால் தொங்கும் பச்சைத் திரைக்கு அடியில் நைசாகத் தள்ளிவிடுவான். திரைக்கு அந்தப் பக்கம் கதீஜா சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். வேலையெல்லாம் அவளுடையது. பெயர் மட்டும் மஜீதுடையது. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவள் வயிற்றெரிச்சல் வேறு.

ஊருக்குக் கிழக்கே இருந்த ரப்பர் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் நம் வாயில் நுழையாது. மேட்டுத் தோட்டம் என்றால்தான் தெரியும். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு முன்னால் மளிகைக் கடை வைத்திருந்தவர் ஜெய்னுலாப்தீன், கதீஜாவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன். நாகூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து கப்பலேறி வந்தவர். ஓய்ந்த நேரத்தில் தோட்டத்து ரேடியோக்களைப் பிரித்துப் போடுவார். மனிதருக்குப் பிரிக்கத்தான் பொறுமை, மாட்டப் பொறுமை கிடையாது. பாதியில் விட்டதையெல்லாம் கதீஜா மாட்டி முடிப்பாள். அப்படி வந்ததுதான் அவள் தொழில்.

அப்போது இந்த நாட்டில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று சர்க்கார் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டது. அரிசிக்கு அளவு வைத்தார்கள். லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். டின்னில் அடைத்த சார்டின் மீனோ பாலோ எதை விற்றாலும், வாங்குபவர் கண்ணெதிரே கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை விழுந்த டின் காட்டுக்குப் போவதற்குள் கெட்டுவிடும் அல்லவா? ஜெய்னுலாப்தீன் இதற்காகவே மரப்பிடி போட்ட ஒரு குத்தூசி வைத்திருந்தார். பிஸ்மி சொல்லி ஒரே குத்து. பச்சைப் பிள்ளைக்குப் பால் வாங்க வந்தவளுக்கும் குத்துதான், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோருக்கும் குத்துதான்.

ஒருநாள் நல்லசாமி கிராணி வந்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி; துரைக்கு அடுத்தபடி அவன்தான். வெள்ளைக் கால்சட்டையும் பளபளவென்ற சப்பாத்துமாக, கடை வாசலில் நின்றபடியே பேசினான்.

"பாய், ஆபீஸ் ஸ்டோருக்கு ரெண்டு பெட்டி சார்டின் வேணும். குத்தாமக் குடுங்க."

"ஆபீஸுக்கும் அதே ஊசிதான் கிராணியாரே."

"நான் கேக்குறேன்ல?"

"யாரு கேட்டாலும்தான்."

இவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரமே போலீஸ் லோரி வந்து கடைக்கு முன்னால் நின்றது. பின்பக்கச் சாக்கடையோரம் லாலான் புல்லுக்குள்ளிருந்து ஓட்டையில்லாத சார்டின் டின்களை எடுத்துக் காட்டினார்கள். யார் வைத்தது, எப்போது வைத்தது, எவனும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் கேள்வி கேட்க நேரமேது? ஆளைத் தூக்கி லோரியில் போட்டார்கள். கதீஜா ஐந்து மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளையின் சட்டை ஒன்றையும் சோற்றுப் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் ஓடினாள். கிராணி வீட்டு முன்னால் அவன் பெண்டாட்டி தாயம்மா வெற்றிலையை மென்றுகொண்டு இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வளைவில் கதீஜா தடுக்கி விழுந்தாள். அந்த வாரமே வயிற்றுப் பிள்ளை போனது.

ஜெய்னுலாப்தீனை முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். இனி இந்த மண்ணில் கால் வைக்கக் கூடாதாம். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய் வருகிறார் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள்.

லோரிக்குப் பின்னால் வந்த மலாய்க்காரப் போலீஸ் ஒருவன், ஓடி விழுந்தவளைத் தூக்கிவிட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். தோட்டத்திலிருந்து டெலிபோன் வந்தது, நாங்கள் என்ன செய்வோம் என்றான். தோட்டத்தில் மொத்தமே இரண்டு டெலிபோன். ஒன்று துரை பங்களாவில், ஒன்று ஆபீசில். துரை அப்போது சீமைக்கு லீவில் போயிருந்தார். மீதி யார்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் கதீஜா நேரே ஆபீசுக்குப் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்.

"யாரு போன் பண்ணுனது?"

நல்லசாமி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எனக்கென்னம்மா தெரியும்? போனு ஆயிரம் பேரு பண்ணுவாங்க" என்றான்.

அடுத்த மாதம் அந்தக் கடை தாயம்மாவின் அண்ணன் கைக்குப் போனது. அடப்பாவி! ஒரு குடும்பத்தைக் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே கடையில் மச்சானை உட்கார வைத்து வியாபாரம் பார்த்தான். கதீஜா தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கொண்டுவந்தது உடுத்தியிருந்த கைலியும், அந்தக் குத்தூசியும்தான்.

"லாத்தா, மச்சான்கிட்டயே போயிடு. கப்பலுக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்று மஜீது வருடா வருடம் கெஞ்சினான்.

"போவேன். அந்தக் கிராணி அதே லோரியில ஏறுறத என் கண்ணால பாத்துட்டுப் போவேன்."

"அல்லாஹ் பாத்துப்பான் லாத்தா."

"அவன் பாக்கட்டும். நானும் பாக்கணும்."

மஜீது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். அவளோ அந்தக் குத்தூசியாலேயே ரேடியோவின் பிசுக்கைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சுரண்டலிலும் அவள் பற்கள் நெறிபடுவது திரைக்கு வெளியே கேட்கும்.

நான்காம் வருடம் மேட்டுத் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்தார். அவர் வந்த கொஞ்ச நாளில் ஒரு பெரிய இடி இறங்கி, பங்களா டெலிபோன் கருகிப் போனது. அவசரகாலத்தில் துரைமார் துப்பாக்கியையும் டெலிபோனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கண்ணை மூடுவார்கள். புது டெலிபோன் வர நாளாகும் என்றார்கள். துரை ஸ்டோரைக் குடைந்து ஒரு பழைய டெலிபோனைக் கண்டெடுத்தார். சண்டைக்கு முந்தியது, எண் வட்டம் வைத்தது. ஜப்பான்காரன் வந்தபோது அன்றிருந்த துரை அதைச் சாக்கில் சுற்றி மண்ணில் புதைத்துவிட்டு ஓடியிருந்தார்; சண்டை முடிந்து தோண்டி எடுத்தது அப்படியே ஸ்டோரில் கிடந்தது. இதைச் சரி பண்ணு, ஆற்றோரம் ஒரு பாய் ரேடியோ பார்க்கிறானாமே, அவனிடம் கொடு என்று கிராணிக்கு உத்தரவு.

நல்லசாமிக்கு அந்த வாசலை மிதிக்க ஆசையா என்ன? துரை சொன்னால் போகத்தானே வேண்டும். அதுவும் போக, பல்லைப் பிடுங்கிய பாம்புக்கு யார் பயப்படுவார்கள்? சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மஜீதுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தான். குரலைக் கேட்டதும் திரைக்குப் பின்னால் கதீஜாவின் கை அப்படியே நின்றது.

"பாய், தொரையோட போனு. நல்லாப் பாத்துச் செய்யணும்."

மஜீது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோளாறு உள்ளுக்குள்ள இருக்கு" என்றான். திரைக்கு அடியில் தள்ளினான்.

கதீஜா அடித்தட்டைக் கழற்றினாள். உள்ளே செம்மண், எறும்புக் கூடு, துரு. வயரைச் சுற்றியிருந்த துணி தொட்டதும் உதிர்ந்தது. எண் வட்டத்தை ஒருமுறை சுற்றி விட்டாள். அது பாதியில் நின்று யோசித்துவிட்டு மெதுவாகத் திரும்பியது. செத்துவிடவில்லை, மயக்கம்தான் என்று தெரிந்துகொண்டாள்.

வெளியே நல்லசாமி குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு. ஆபீஸ் போனும் பங்களா போனும் ஒரே லைனு. ஆபீஸ்ல நான் வட்டத்தச் சுத்துனா பங்களாவுல மணி முனகும். அது முனகக் கூடாது. தெரியுதா?"

ஒரே கம்பியில் இரண்டு டெலிபோன் இருந்தால் அப்படித்தான். இங்கே ஒரு எண்ணைச் சுற்றினால் அங்கே மணியை அடிக்கும் சின்னச் சுத்தி உதறி, டிங் டிங் என்று ஈனசுரத்தில் முனகும். சுத்தியை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அது விறைப்பாக இருந்தால் முனகல் வராது. நிஜமாகக் கூப்பிடும்போது மட்டும் மணி கணீரென்று அடிக்கும்.

"முனகுனா என்ன கிராணியாரே?" என்றான் மஜீது, ஒன்றும் அறியாமல்.

"அட, தொர மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு தூக்கம் போடுவாரு. போனத் தலமாட்டுலதான் வைக்கப் போறாராம். முழிச்சிக்குவாருல்ல?"

கதீஜா தலையை நிமிர்த்தினாள். மத்தியானம் ரப்பர்ப் பால் எடை போட்டு முடிந்து மண்டோர்கள் போயிருப்பார்கள். ஆபீசில் இவன் ஒருவன்தான். துரை தூங்கும் நேரமாகப் பார்த்து இவன் யாருக்கு வட்டம் சுற்றுகிறான்?

அந்தக் கேள்விக்குப் பதிலையும் அவனே கொடுத்தான். பெரிய மனது பண்ணி, கால்சட்டைப் பையிலிருந்து இரண்டு டின் பாலை எடுத்து மஜீது கையில் வைத்தான். "டீக்கு வச்சுக்குங்க பாய். நம்ம மச்சான் கடைச் சரக்கு." மஜீது பழக்க தோஷத்தில் அதையும் திரைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

கதீஜா டின்னைக் கையில் எடுத்தாள். மேலே தடவினாள், கீழே தடவினாள். வழவழவென்று இருந்தது. ஓட்டை இல்லை. எந்த டின்னுக்காக அவள் மாப்பிள்ளை கடலைத் தாண்டிப் போனாரோ, எந்த டின்னுக்காக அவள் வயிறு காலியானதோ, அந்த டின்னை இவன் டீக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறான்! இத்தனை வருடமாகக் குத்தாத டின்னையே கையாண்டு கையாண்டு, அது சட்ட விரோதம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. கதீஜாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குத்தூசியை எடுத்துக்கொண்டு திரையைக் கிழித்து அவன் மேல் பாய்ந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

பாயவில்லை. திரையோரம் வாயை வைத்து, "ஸ்பிரிங் துருவேறி ஒடஞ்சு போச்சுன்னு சொல்லு" என்று தம்பிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"ஸ்பிரிங் போச்சு கிராணியாரே. கோலாலம்பூர்ல இருந்துதான் வரணும்."

"அட என்ன பாய் நீங்க! ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு, ஒரு இழுவைக்குக் கோலாலம்பூர் போகணுமா? ஒரு ரப்பரப் போட்டு இழுத்துக் கட்டுங்கலா! தொர அவசரப்படுறாரு."

திரைக்குப் பின்னாலிருந்து கதீஜாவின் குரல் வந்தது. நான்கு வருடத்தில் அவள் அவனோடு பேசிய முதல் பேச்சு.

"அப்படியே செய்றோம். அடிக்க வேண்டிய நேரத்துல மட்டும் மணி அடிக்கும்."

நல்லசாமி ஒரு கணம் திடுக்கிட்டான். பிறகு பல்லைக் காட்டிச் சிரித்து, "சரிம்மா, சரிம்மா. சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். சௌக்கியமாம்! கேட்கிறான் பாருங்கள் கேள்வி.

அவன் தலை மறைந்ததும் மஜீது உள்ளே ஓடிவந்தான். "லாத்தா, டின்னக் குத்து! யாராச்சும் பாத்தா நம்மளத் தூக்கிருவாங்க!" அவள் இரண்டையும் தரையில் வைத்து ஒரே குத்தாகக் குத்தினாள். பால் குபுக்கென்று வழிந்தது. அவள் துடைக்கவில்லை. எறும்பு வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு முதலில் வந்தது கெட்ட யோசனைதான், மறைப்பானேன்? மணியே அடிக்காதபடி செய்துவிட்டால்? காட்டுக்காரர்கள் தோட்டத்துக்குள் புகும் நாளில், போலீஸ் கூப்பிட்டாலும் கேட்காது. வெந்து சாகட்டும் எல்லாரும். இந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அப்புறம் லயத்துச் சனங்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பங்களாவில் சமைக்கும் வேலம்மா வந்தாள். கதீஜா விழுந்து கிடந்தபோது, ஊரே கதவடைத்தபோது, வெந்நீர் போட்டுத் துணி கசக்கிப் போட்டவள் அவள். பழி ஒரு வாசலைத்தான் தட்ட வேண்டும், லயத்தையே கொளுத்தக் கூடாது என்று கதீஜா அந்த யோசனையைத் தூக்கி எறிந்தாள்.

வேலையில் இறங்கினாள். மண்ணை ஊதி, துருவைத் தேய்த்து, எண் வட்டத்தின் பல் சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துலக்கினாள். பேசும் கட்டைக்குள் ஈரத்தில் கட்டிப்போயிருந்த கரித்தூளைத் தட்டித் தட்டி உதிர்த்தாள். புது வயர் ஓட்டினாள். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் கறுப்பு உடம்பு மின்னியது. என்னதான் கிராணி மேல் கோபமென்றாலும் டெலிபோன் என்ன பாவம் பண்ணியது? லோரி பேட்டரிகளை வரிசையாக இணைத்து, கையால் சுற்றும் பழைய காந்தப் பெட்டி ஒன்றை வைத்து மணியை அடித்துப் பார்த்தாள். கணீரென்று எதிர்க்களத்துக் காகங்களைக் கிளப்பிவிட்டது.

மிச்சம் அந்த இழுவை. அவள் முன்னால் இரண்டு ரப்பர் இருந்தன. ஒன்று சைக்கிள் டியூபிலிருந்து வெட்டியது. அது ஆலையில் வெந்த ரப்பர். வருடக் கணக்கில் விறைப்பு விடாது. மற்றது ஒட்டுப்பால். பாலுக்காக ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டிலேயே வடிந்து காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் நாடா. வேலம்மாவின் மகள் உரித்துக் கொடுத்தது. அது பச்சை ரப்பர். இழுத்துக் கட்டினால் முதலில் விறைப்பாகத்தான் நிற்கும். நாளாக ஆக, வெயில் ஏற ஏற, தானாகவே தொய்ந்துபோகும். பால் வெட்டும் பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் ஒருத்தியும் தலைமுடி கட்டக்கூட அதைத் தொடுவதில்லை. நல்லசாமி வருடக் கணக்கில் ரப்பரை எடை எழுதியவன். ஒருநாளும் அதைத் தொட்டுப் பார்த்தவன் இல்லை. ரப்பர் என்றால் அவனுக்கு எல்லாம் ஒரே ரப்பர்.

கதீஜா ஒட்டுப்பாலை எடுத்துச் சுத்தியை இழுத்துக் கட்டினாள். அதே நாடாவில் இன்னொரு துண்டைக் கூரைச் சட்டத்தில் கட்டி, அதே அளவு இழுவைக்கு ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிட்டாள். கீழே அலமாரி.

"இது எதுக்கு லாத்தா?"

"இந்த நட்டு அலமாரியத் தொடுற அன்னைக்கு, அங்க மணி வாயத் தொறக்கும்."

மஜீதுக்கு மனசில்லை. ஆனாலும் கொண்டுபோய்த் துரையின் தலைமாட்டில் மாட்டிவிட்டு வந்தான். நல்லசாமி விடுவானா? ஆபீசிலிருந்து வட்டத்தைச் சுற்றி, பங்களாவில் நின்ற மஜீதிடம் முனகுகிறதா என்று ஆள் விட்டுக் கேட்டான். ஒரு சத்தம் இல்லை. மறுநாளும் சுற்றினான். சத்தம் இல்லை. கிராணிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கடை வழியாகச் சைக்கிளில் போனவன், "பாய், வேலைன்னா வேல!" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

நட்டு தொங்கியது. கதீஜா விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு முதலில் அதைத்தான் பார்ப்பாள். ஒரு நெல் அளவு இறங்கியிருக்கும். மழை பெய்து குளிர்ந்த நாளில் அசையாது. அன்றைக்கெல்லாம் வானத்தைத் திட்டுவாள். வெயில் கொளுத்தினால் முகம் மலரும். வந்த வேலையெல்லாம் அப்படியே கிடந்தது. "லாத்தா, அவுத்துட்டு டியூபக் கட்டிட்டு வந்துரட்டுமா? இன்னும் நேரமிருக்கு" என்று மஜீது ஒருநாள் அழாத குறையாகக் கேட்டான். "கையை ஒடிச்சிருவேன்" என்றாள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு மஜீது கிளம்பும்போது, நட்டு அலமாரியின் மேல்பலகையில் உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வேலம்மா முந்தானை பறக்க ஓடிவந்தாள். மஜீதைத் தாண்டித் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கதீஜாம்மா, சேதி கேட்டீங்களா? ஐயோ, என்னத்தச் சொல்லுவேன்! தொர சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காரு. நான் மேசையத் தொடைக்கிறேன். அந்தப் போனு இருக்குல்ல, அது முனகுது. டிங்கு டிங்குன்னு. நிக்கிது, மறுபடி முனகுது. தொர துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு எழும்பிட்டாரு. காட்டுக்காரனுங்க கம்பிய அறுக்குறானுங்கன்னு நெனச்சாரு போல. சத்தம் போடாம அந்தக் கட்டைய எடுத்துக் காதுல வச்சாரு. வச்சவரு வச்சபடியே நிக்கிறாரு! மொகம் செவந்து போச்சு."

"யாரு பேசுனது?" என்றாள் கதீஜா.

"வேற யாரு? நம்ம கிராணிதான்! சபாக் டவுன்ல எவனோ ஒருத்தங்கிட்ட. ரெண்டு பெட்டி, ஓட்ட போடாதது, ரப்பர் சீட்டுக்கு அடியில வச்சு லோரியில ஏத்தி விடுறேன்னு சொன்னானாம். தொரைக்கு நம்ம பாஷ தெரியாதுன்னு நெனச்சிட்டான். ஆபீஸ்லதான் இங்கிலீசு, பங்களாவுல இவரு எங்களையெல்லாம் தமிழ்லதானே ஏசுறாரு! இன்ஸ்பெக்டர்கிட்ட தொர சொல்லும்போது கேட்டேன். ஸ்டோரத் தொறந்து பாத்தா பெட்டி பெட்டியா இருக்குது. அந்தக் காலத்துல ஜெய்னுலாப்தீன் பாய் கடைக்குப் பின்னால வச்சதும் இவந்தான்னு அவன் மச்சானே ஒளறிட்டான். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

கதீஜா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுந்து முக்காட்டைச் சரி பண்ணினாள். "லோரி வந்திருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"வந்துகிட்டிருக்காம். இந்த வழியாத்தான் போகும்."

நான்கு வருடமாகக் கடைக்கு வெளியே கால் வைக்காதவள் சாலையோரம் வந்து நின்றாள். கருவாட்டுக் களத்துச் சனங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதே மாதிரி லோரி. தோட்டத்துப் பாதை ஆற்றோரச் சாலையில் ஏறும் இடத்தில் மாட்டு வண்டி ஒன்று மறித்ததால் அது நின்றது. பின்னால் நல்லசாமி குந்தியிருந்தான். சட்டை கசங்கிப் போய், ஒரு காலில் சப்பாத்து இல்லாமல், கையில் விலங்கு. கதீஜா லோரிக்கு அருகே போனாள்.

"கிராணியாரே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரென்று தெரியவில்லை. முகத்தை அவன் எங்கே பார்த்தான்? குரல்தான் தெரியும்.

"சொன்ன மாதிரி, அடிக்க வேண்டிய நேரத்துல அடிச்சிச்சா மணி?"

குரல் யாருடையது, மணி எது என்று அவனுக்கு விளங்கியது. அவன் முகத்தில் அது ஏறி இறங்குவதை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். இதைப் பார்க்கத்தானே கப்பலேறாமல் இருந்தாள்! தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். வினை சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைக்கும்? கதீஜாவுக்குக் கொடுத்து வைத்தது. அவள் மனம் குளிர்ந்தது, வெட்கப்படாமல் குளிர்ந்தது.

வண்டி விலகியது. லோரி கிளம்பியது. அப்போதுதான் தோட்டத்துப் பாதையிலிருந்து தாயம்மா ஓடிவந்தாள். ஒரு கையில் சட்டை, மறு கையில் சோற்றுப் பாத்திரம். தலை அவிழ்ந்து கிடந்தது. லோரியின் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். பாத்திரம் நழுவி உருண்டது. சோறு சாலையில் சிந்தியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள், திரும்பி, அருகில் இருந்த முதல் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது கதீஜாவின் கை.

"எந்தப் பாவிம்மா போன் பண்ணுனான்? எங்க குடியக் கெடுக்க எவன் போன் பண்ணுனான்? உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சாச் சொல்லுங்க!"

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விதான். அன்றைக்குக் கேட்டவளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. இவள் வீட்டுக் கதவு உட்பட எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கதீஜா கையை உதறவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. கேட்டவளுக்குப் பதில் சொன்னாள்.

"உன் புருசந்தான் பண்ணுனாரு. அன்னைக்கும் அவருதான். இன்னைக்கும் அவருதான்."

தாயம்மாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. முக்காட்டுக்குள் இருந்த முகத்தை இப்போதுதான் அவள் உற்றுப் பார்த்தாள். பார்த்ததும் இரண்டு அடி பின்னால் போனாள்.

கதீஜா குனிந்து, உருண்டு கிடந்த சோற்றுப் பாத்திரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பிறகு கடைக்குள் போய்க் கூரைச் சட்டத்தில் தொங்கிய ஒட்டுப்பாலை அறுத்துப் போட்டாள். பெட்டியைத் திறந்து குத்தூசியை அடியில் வைத்து, மேலே துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"மஜீது, கப்பலு எப்பன்னு கேட்டுட்டு வா" என்றாள்.